இழுத்தால் நிற்கும் கயிறு

"பரவால்லீங்க டீச்சர்."

தலைகீழாகச் சுருண்டு கிடந்த ஒரு மனிதர் சொன்ன சொல் அது. முதுகு மேலே, கால்கள் தலைக்குப் பின்னால். தாடை மார்பில் அழுந்தியிருந்ததால் குரல் பிழிந்துகொண்டு வெளியே வந்தது. ஹலாசனம். கால்விரல்கள் தரையைத் தொட இன்னும் நான்கு விரற்கடை இருந்தது. அந்த நான்கு விரற்கடையை என்னால் பொறுக்க முடியவில்லை. வலிக்குதுங்களாண்ணா என்று கேட்டுக்கொண்டே அவர் இடுப்பின் பின்பக்கம் கை வைத்து அமுக்கினேன். பரவாயில்லை, நீங்க பண்ணுங்க என்றார். இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். விரல்கள் தரையைத் தொட்டன. பாருங்க, வருதுல்லீங்களா என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னேன். என் குரலில் இருந்த பெருமை இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

குனியமுத்தூரில் ஒரு பேக்கரியின் மாடியில் என் வகுப்பு. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கீழே பன் வேகும் வாசனை படியேறி வந்து பிராணாயாமத்துக்குள் புகுந்துகொள்ளும். மூச்சை ஆழமாக இழுங்கள் என்றால் எல்லோருக்கும் பசிதான் ஆழமாகும். அந்த மனிதர் மதுக்கரையிலிருந்து மொபெட்டில் வருவார். அறுபத்தொரு வயது, சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விரிப்பைச் சுருட்டும்போது அடுத்தவர் விரிப்பையும் சேர்த்துச் சுருட்டி வைத்துவிட்டுப் போவார். நான் தாமதமாக வந்தால், இப்பத்தானுங்க நாங்களும் வந்தோம் என்று பொய் சொல்லுவார்.

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் ஒருவர் கையில் ஒரு சீப்பு செவ்வாழை கொடுத்தனுப்பினார். வீட்டில் கொஞ்சம் வேலை, அதனால் வர முடியவில்லை, டீச்சர் தப்பாக நினைக்க வேண்டாம் என்று சேதி. பழத்தைத் தின்றேன். ஒரு மாதம் கழித்து அதே ஆள் சொன்னார், அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேனுங்க, கழுத்தில் பட்டை போட்டிருந்தாருங்க என்று. கேட்ட இடத்திலேயே நின்றேன். கீழே யாரோ ரொட்டித் தட்டை இழுக்கும் சத்தம்.

போன் செய்திருக்கலாம். எண் என்னிடம் இருந்தது. ஐந்து மாதம் அந்த எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வகுப்பு போக நான் கொஞ்சம் எழுதுகிறவளும்கூட; உட்கார்ந்து எழுத முடியாத ஆள், நடந்தால்தான் எனக்கு வரி வரும். அந்த ஐந்து மாதமும் பாலக்காட்டு ரோட்டில் நடந்து நடந்து ஒரு வரியும் வரவில்லை. நான்கு விரற்கடை, நான்கு விரற்கடை என்று செருப்புதான் சொல்லிக்கொண்டு வந்தது.

அப்படித்தான் வடவள்ளியில் நடந்த ஆறு நாள் பயிலரங்கில் பெயர் கொடுத்தேன். நோயும் காயமும் உள்ள உடம்புக்கு ஆசனத்தை எப்படி மாற்றிக் கொடுப்பது என்று ஏற்கெனவே சொல்லித் தருகிறவர்களுக்குச் சொல்லித் தரும் பயிலரங்கு. பதினான்கு பேர் இருந்தோம். நடத்தியவர் பிசியோதெரபி படித்துவிட்டு யோகாவுக்கு வந்த பெண், முப்பத்திரண்டு வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசும் கோயமுத்தூர்க் குடும்பம். எங்களில் பாதிப் பேருக்கு அவர் வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஊர் வழக்கத்துக்கு ஒரு 'ங்க' சேர்ப்பார். அந்த 'ங்க'வைத் தாண்டி வந்து விழும் கேள்வியில் மட்டும் வளைவு நெளிவு கிடையாது.

முதல் இரண்டு நாள் நாற்காலியோடு போனது. முட்டி மடங்காதவருக்கு உட்கார்ந்தபடியே சூரிய நமஸ்காரம், பக்கவாதம் வந்த கைக்கு நல்ல கையால் துணை கொடுப்பது எப்படி, தலை சுற்றுகிறவரைச் சுவர் ஓரமாக எப்படி நிறுத்துவது. கம்பளியை மடிப்பதற்கே ஒரு மணி நேரம். ஒரு மடிப்பு கூடினால் கழுத்து எங்கே போகிறது, குறைந்தால் எங்கே போகிறது. மற்றவர்கள் கம்பளியைப் பார்த்தார்கள். எனக்குக் கம்பளியில் ஒரு தலை கிடந்தது.

மூன்றாம் நாள் கழுத்தெலும்பு. பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் கழுத்தை அவர் மெதுவாக முன்னே மடக்கினார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெத்தை பின்னால் பிதுங்குவதை ஒரு துண்டைச் சுருட்டிக் காட்டினார். அதன் ஓரமாகத்தான் கைக்குப் போகும் நரம்பு கிளம்புகிறது என்றார். பிறகு துண்டைக் கீழே போட்டுவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார், ஹலாசனத்தில் இருக்கும் ஆளைக் கையால் தள்ளியவர்கள் கை தூக்குங்கள்.

ஒரு கையும் எழவில்லை. பதினான்கு பேர், எல்லாம் சேர்த்தால் நூற்றைம்பது வருட அனுபவம்.  என் கை தொடையின் மேல் இருந்தது. அதைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அது என் கை மாதிரியே இல்லை.

நல்லது என்றார் அவர். கீழே கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

நான்காம் நாள் மாலை வீட்டுப்பாடம் கொடுத்தார். கடைசி நாள் ஒவ்வொருவரும் ஒரு ஆளை அழைத்து வர வேண்டும், தன் முன்னிலையில் அந்த ஆளுக்கு அரை மணி நேரம் சொல்லித் தர வேண்டும் என்றார். எந்த ஆள் என்று ஒருவர் கேட்டார். "உங்க வகுப்பை விட்டு நின்னு போனவங்க யாராச்சும். நல்லா வர்ற ஆளுக இல்லைங்க. நின்னு போன ஆளு."

சிலர் சிரித்தார்கள். ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், நின்னு போனவங்களை எல்லாம் கூட்டினா மண்டபம் புடிக்கோணுமுங்க என்றார். நான் தண்ணீர் குடிக்க வெளியே போனேன். வாசலிலிருந்து பார்த்தால் மருதமலைக்குப் பின்னால் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.  

அடுத்த நாள் மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு மதுக்கரைக்குப் போனேன். பஸ்ஸில் இரண்டு விதமாகப் பேசிப் பார்த்தேன். ஒன்றில் நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் மன்னித்தார். இன்னொன்றில் மன்னிப்பே கேட்கவில்லை, நலம் விசாரித்தேன், அவர் நலம் என்றார். இரண்டிலும் அவர் ஒரே சொல்லைத்தான் சொன்னார், பரவால்லீங்க.

கதவைத் திறந்தது அவர் மனைவி. என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை. பெயர் கேட்காமலே கண்டுகொண்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார். கணவர் பின்கட்டிலிருந்து வந்தார், சட்டைக் கழுத்துக்கு மேலே வெள்ளைப் பட்டை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதுதான் என்னைக் குத்தியது. நடிப்பு இல்லை, நிஜமாகவே மலர்ந்தது. வகுப்பெல்லாம் எப்படிப் போகிறது, மழைக்கு மாடி ஒழுகுகிறதா என்று கேட்டார். கழுத்து எப்படி என்று கேட்டேன். அது கிடக்குதுங்க, வயசாகுதில்லீங்களா என்றார். டீச்சருக்குக் கடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கிளம்பிவிட்டார்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் அந்த அம்மா காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அவரு சட்டையைப் பாத்தீங்களா அம்மணி?"

பார்த்தேன் என்றேன். எதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"பொத்தானு. அஞ்சும் நான் போட்டு உட்டது. ஆறு மாசமா நாந்தான் போட்டு உடறேன். வலது கையில மூணு வெரலுக்குத் துணியும் தெரியறதில்லை, பொத்தானும் தெரியறதில்லை."

பிறகு நிறுத்தாமல் பேசினார். ராத்திரியில் வலியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், விளக்கைப் போட்டால் இந்த அம்மாவுக்குத் தூக்கம் கெடும் என்று இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கை எவ்வளவு மோசமாகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார். வலிக்கு ஒன்றிலிருந்து பத்து வரை எண் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவர் ரெண்டு இருக்குமுங்க என்றிருக்கிறார். விரலில் மரமரப்பு உண்டா என்றதற்கு, அப்பப்ப லேசா என்றிருக்கிறார். இரண்டு என்று எழுதிக்கொண்ட டாக்டர், அப்படியானால் பொறுத்துப் பார்க்கலாம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். மறுபடி போக வேண்டியது வருகிற வியாழக்கிழமை. ரொம்ப நாள் நரம்பு அழுந்திக் கிடந்தால் கை திரும்பாது என்று டாக்டர் வாயாலேயே சொன்னதையும் இந்த அம்மா கேட்டிருக்கிறார்.

"நீங்க சொல்லலாமில்லீங்களாக்கா, டாக்டர்கிட்ட?"

"சொன்னேன். எட்டு இருக்குமுங்க சார்னு நான் சொல்ல, இவ ஒண்ணு ரெண்டாச் சொல்லுவாளுங்கன்னு அவரு சிரிக்கறாரு. டாக்டரும் சிரிக்கறாரு. எங்கூட்டுக்காரரு சாகறப்பக்கூட, வந்ததுக்கு ரொம்ப சந்தோசமுங்க, எனக்குப் பரவால்லீங்கன்னு சொல்லிப்போட்டுத்தான் அம்மணி சாவாரு."

அந்த அம்மாவின் கண்ணில் சிரிப்பு இருந்தது, நனைந்தும் இருந்தது. என்னை அவர் குற்றம் சொல்லவில்லை. அமுக்கியது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஆறிக்கொண்டிருந்த காபியைப் பார்த்துக்கொண்டு கணக்கிட்டேன். இன்றைக்கு வெள்ளி. வியாழனுக்கு ஆறு நாள். ஆறு நாளுக்குள் இந்த மனிதர் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கை போகும். அந்த உண்மையின் முதல் பாதி என்னைப் பற்றியது. நான் வந்தது எதற்கு? அவரிடமிருந்து ஒரு 'இல்லை'யை வாங்கிக்கொண்டு போகத்தான். உங்களால் இல்லீங்க டீச்சர் என்று அவர் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான். கேட்டால் உடனே சொல்லிவிடுவார். யாருக்கும் எதையும் மறுத்துச் சொல்லத் தெரியாத ஆளிடம் வாங்கும் 'இல்லை'யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவர் மிக்சர் பொட்டலத்தோடு திரும்பினார், இடது கையில் பிடித்துக்கொண்டு. நாளைக்கு வடவள்ளிக்கு வர முடியுமா, எனக்குப் பரீட்சை மாதிரி ஒன்று இருக்கிறது என்றேன். வாரேனுங்க என்றார் உடனே. எதற்கு, என்ன செய்வீர்கள், கழுத்துக்கு ஆகுமா, ஒன்றும் கேட்கவில்லை.  அன்றைக்கும் இடுப்பில் கை வைத்தபோது இதே வேகத்தில்தான் பரவாயில்லை என்றார்.

கிளம்பும்வரை ஆலை வேலையைப் பற்றிப் பேசினார். கல் கொண்டுபோகும் பெல்ட்டின் ஓரத்தில் இருபத்தெட்டு வருடம் நடந்தவர். பெல்ட் நீளத்துக்கும் பக்கவாட்டில் ஒரு கயிறு ஓடுமாம். எவன் வேண்டுமானாலும் இழுக்கலாம், இழுத்தால் மொத்தமும் நின்றுவிடும். "அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லீங்க. இழுத்துப்போட்டு நின்னாப் போதும். ஏன்டா இழுத்தேன்னு ஒருத்தரும் வையமாட்டாங்க." இருபத்தெட்டு வருடத்தில் அவர் மூன்று முறை இழுத்திருக்கிறார். மூன்றையும் தேதியோடு சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். அந்த அம்மா சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் முன்கூட்டியே பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தேன், அமுக்கியதைத் தவிர எல்லாவற்றையும். அவர் ஸ்கேன் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். கழுத்தைத் தொடக் கூடாது, மடக்கக் கூடாது, திருப்பக் கூடாது, படுக்க வைத்து மூச்சு மட்டும் என்றார். பிறகு, நீங்க செய்யப்போறது ஆசனமில்லைங்க, இவருக்கு எது ஒத்துக்குது எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்கறதுதான் என்றார்.

கேட்க எளிதாக இருந்தது. அவரைப் படுக்க வைத்து, கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்தேன். தலைக்குக் கீழே நான்காக மடித்த கம்பளி. எப்படி இருக்குதுங்கண்ணா என்றேன். அருமைங்க என்றார். ஒரு மடிப்பைப் பிரித்தேன். இப்போ? இதுவும் நல்லாருக்குதுங்க. மடிப்பைச் சேர்த்தேன். இது இன்னும் தேவலைங்க. கைக்குக் கீழே சின்னத் தலையணை வைத்தேன், எடுத்தேன். எல்லாமே அருமை. எதைச் செய்தாலும் நன்றி சொல்லுகிற ஒரு உடம்பு. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ, நல்ல ஒத்துழைப்பு என்று முணுமுணுத்தது கேட்டது.

அப்போதுதான் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். நாற்காலி மேல் இருந்த இடது கால். நான் மடிப்பைப் பிரித்த ஒவ்வொரு முறையும் அந்த விரல் உள்பக்கம் சுருண்டது. முகம் சிரிக்கிறது, வாய் அருமை என்கிறது, கட்டைவிரல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அண்ணா, வலிக்குதுங்களா என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"ஐயோ, இல்லீங்க. நீங்க பண்ணுங்க."

நீங்க பண்ணுங்க. இதே சொல். பேக்கரி மாடியில், பன் வாசனைக்கு நடுவில், இதே சொல்லைத்தான் அன்றைக்கும் சொன்னார்.  பயிற்சியாளர் என் பக்கத்தில் குனிந்து, இன்னும் அஞ்சு நிமிசம் பாப்பேன், அப்புறம் நான் நிறுத்திப்போடுவேனுங்க என்றார். அந்த அம்மா சுவரோரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரப்போகும் வியாழக்கிழமை அந்த அறைக்குள் இப்போதே நடந்துகொண்டிருந்தது. டாக்டர் கேட்பார், இவர் சிரிப்பார், அவர் இரண்டு என்று எழுதுவார்.

கேட்பதுதான் தப்பு என்று அப்போது உறைத்தது. எங்கள் பக்கத்தில் கேள்வி என்பது ஒரு உபசாரம். சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பில்லை என்று எவரும் சொல்வதில்லை. கேட்டவர் மனசு நோகும். வலிக்கிறதா என்று நான் கேட்கும்போது இவர் தன் கழுத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிறார். நான் எத்தனை கனிவாகக் கேட்கிறேனோ அத்தனை நன்றாக இருக்கிறது அவருக்கு.

மூலையில் பருத்திக் கயிறுகள் கிடந்தன, கால் எட்டாதவர்கள் பாதத்தில் மாட்டி இழுத்துக்கொள்ள வைத்திருந்தவை. ஒன்றை எடுத்தேன். ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டினேன். மறுமுனையை அவருடைய இடது கையில் கொடுத்தேன், உணர்வு இருக்கிற கையில்.

"இதென்னங்க, ஆட்டைக் கட்டற மாதிரி?" என்று சிரித்தார்.

"பெல்ட்டு ஓரத்துக் கயிறுங்கண்ணா," என்றேன். "நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். நீங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். இழுத்தா நிக்கும். ஏன்னு ஒருத்தரும் கேக்கமாட்டோம்."

சிரிப்பு அப்படியே நின்றது. கயிற்றை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். வேலைக்காரரின் சுற்று அது, பதறாமல், தளர்வில்லாமல்.

கம்பளியில் ஒரு மடிப்பைப் பிரித்தேன். ஒன்றுமில்லை. கட்டைவிரல் சுருண்டது. காத்திருந்தேன். என் முகத்தை அவர் தேடுவது தெரிந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன், வேண்டுமென்றே. பிறகு மணிக்கட்டில் ஒரு அசைவு, மீன் கடித்துப் பார்ப்பது போல. உடனே மடிப்பைத் திருப்பி வைத்தேன். பேசவில்லை. கட்டைவிரல் அவிழ்ந்தது.

வலது கையைத் தலையணையிலிருந்து எடுத்தேன். கயிறு இழுபட்டது. திருப்பி வைத்தேன். நாற்காலியை ஒரு சாண் தள்ளினேன், இழுபட்டது. மறுபடி கிட்டே கொண்டுவந்தேன். மூச்சை எண்ணி விடச் சொன்னேன். ஆறு வரை எண்ணியபோது கயிறு இழுபட்டது, நாலோடு நிறுத்தியபோது இழுபடவில்லை. பத்து நிமிடத்தில் ஏழு முறை. இருபத்தெட்டு வருடத்துக்கு மூன்று முறை இழுத்தவர்.  கடைசியில் கம்பளி ஐந்து மடிப்பில், வலது கை வயிற்றின் மேல், கால்கள் இன்னும் மடங்கி. நான் ஆரம்பத்தில் வைத்தபடி ஒன்றுகூட இல்லை. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. சிரிக்காத அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. களைத்த முகம். உள்ளபடியான முகம்.

அங்கேயே முடித்திருக்கலாம். பயிற்சியாளரைப் பார்த்தேன். தொட மட்டும் செய்கிறேன், அமுக்க மாட்டேன் என்று கையால் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தார். நான் என் வலது கையை மெதுவாக அவர் இடுப்பின் ஓரத்தில் வைத்தேன். அன்றைக்கு வைத்த இடத்தில். வைத்ததுகூட இல்லை, துணி மேல் பட்டது, அவ்வளவுதான்.

கயிறு வெடுக்கென்று இழுத்ததில் என் மணிக்கட்டு தூக்கிப்போட்டது.

கையை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். 

"அன்னைக்குக் கை வெச்சீங்கல்ல," என்றார் கூரையிடம். "உள்ளுக்குள்ள பொட்டுன்னு ஒரு சத்தமுங்க. எனக்கு மட்டும் கேட்டுச்சு. ஊட்டுக்குப் போற வழியிலயே வெரலு மரத்துப்போச்சுங்க. வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் போனேன்."

குனியமுத்தூரிலிருந்து மதுக்கரைக்கு. மொபெட்டைத் தள்ளிக்கொண்டு. பிறகு எனக்கு வாழைப்பழம்.

நான் வாயைத் திறந்தேன். பயிற்சியாளரின் கை என் தோளில் அழுந்தியது. பேசாதே என்ற அழுத்தம். அவர்தான் கேட்டார், ஒரு எண் சொல்லுங்கள் என்று. யாரிடமும் சொல்ல வேண்டாம், கயிற்றிடம் சொல்லுங்கள், எத்தனையோ அத்தனை முறை இழுங்கள் என்றார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நிதானமாக இழுத்தார், ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு. என் தோல் எண்ணிக்கொண்டது. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. நின்றார். பிறகு, முடிவாகிவிட்டது என்று நாங்கள் மூச்சு விட்டபோது, மெல்ல இன்னொன்று.

சுவரோரம் இருந்த அந்த அம்மா எழுந்து வந்தார். வாய் ஓயாத அந்த மனுசி ரெண்டுன்னீங்களே என்றுகூடக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, படுத்திருந்தவரின் சட்டையில் கழன்றிருந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.

அவர்கள் கிளம்பும்போது வாசல் வரை போனேன். நான்தானுங்கண்ணா பண்ணினேன், தப்புப் பண்ணிப்போட்டேன் என்றேன். அவர் உதடு அந்தப் பழைய சொல்லுக்குத் தயாரானது, பார்த்தேன். ஆனால் அது வரவில்லை. எலும்புத் தேய்மானம் முன்னமே இருந்துச்சுன்னு டாக்டரு சொன்னாருங்க, என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா வகுப்புக்கு இனி வரமாட்டேனுங்க," என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் மறுப்பு. அந்த அம்மா என் மணிக்கட்டில் இருந்த கயிற்றை அவிழ்த்தார். இதை நாங்க எடுத்துக்கலாமுங்களா என்று கேட்டுக்கொண்டே பைக்குள் வைத்துவிட்டார்.

மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது, வாங்குவதற்கு முன்னால் கையைத் தூக்கினேன். எதற்கு என்று சிலருக்குப் புரியவில்லை. பயிற்சியாளருக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் கேட்டீங்கல்ல என்றேன். கொஞ்ச நேரம் என் கை மட்டும் தனியாக நின்றது. பிறகு ஈரோட்டு ஆசிரியர், தலையைச் சொறியப் போனவர் போல, தன் கையைக் காது வரைக்கும் கொண்டுபோனார்.

அந்த வாரம் நான் வகுப்பு எடுக்கவில்லை. மாடிக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டேன். வருகிறவர்கள் படித்துவிட்டு, உடம்புக்கு ஆகலீங்களா டீச்சர் என்று போன் செய்தார்கள். என்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நடந்ததை நடந்தபடியே. இரண்டு பேர் அதோடு வைத்துவிட்டார்கள். ஒரு அம்மா, எனக்கும் அந்த ஆசனத்துல முதுகு வலிக்குமுங்க, நீங்க ஆசையாச் சொல்லித் தர்றீங்களேன்னு இருந்துட்டேன் என்றார். மூன்று வருடமாக இருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை காலை பேக்கரி மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்றால் நடந்துகொண்டிருந்தேன். விரிப்புகளைச் சுருட்டினேன், பிரித்தேன். பத்தரைக்கு டாக்டர். பதினொன்று ஆனது. கீழே இரண்டாம் சுற்று பன் இறங்கிவிட்டது. பதினொன்றே காலுக்கு அந்த அம்மா அழைத்தார். பின்னால் ஆஸ்பத்திரியின் இரைச்சல், டோக்கன் எண் கூப்பிடும் குரல்.

டாக்டர் கேட்டாரா என்றேன்.

"கேட்டாருங்க. இவரு சிரிக்க ஆரம்பிச்சாரு. நான் பையிலிருந்து கயித்தை எடுத்து மேசை மேல வெச்சேன். இதென்னம்மான்னாரு டாக்டரு. நான் பேசலை."

"அப்புறமுங்க?"

"இவரு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் ஒம்போதுன்னாருங்க."

விரிப்பின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரமே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கை முழுக்கத் திரும்புமா என்று கேட்டதற்கு, செய்து பார்த்தால்தான் தெரியும் என்றாராம். கையெழுத்து வாங்கிவிட்டார்கள், இடது கையில் கோணலாகப் போட்டார் என்றார்.

"இன்னொண்ணும் சொல்லோணும் அம்மணி. எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. யோகா டீச்சரு இடுப்பைப் புடிச்சு அமுத்துனதையும் சொல்லிப்போட்டாருங்க. எழுதிக்கிட்டாங்க. உங்களைக் கேக்காமச் சொல்லிட்டமேன்னு இவருக்கு ஒரே சங்கடம்."

பரவால்லீங்க என்ற அந்தச் சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற சொல், நினைக்காமலே வருகிற சொல். வாயை மூடிக்கொண்டேன். மணிக்கட்டில் கயிறு இல்லை. இருந்திருந்தால் இழுத்திருப்பேன்.

"எனக்குப் பயமா இருக்குதுங்கக்கா," என்றேன்.

அந்தப் பக்கம் டோக்கன் எண் ஒன்று கடந்து போனது.

"இருக்கட்டும் கண்ணு," என்றார் அவர். "எங்களுக்குந்தான்."